ரயிலில் என் பெயர் டீச்சர்

கோலார் தங்கவயலிலிருந்து காலையில் பெங்களூருக்குப் புறப்படும் ரயிலின் லேடீஸ் பெட்டியில் எவரும் எவரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. வேலையோ வேலை செய்யும் இடமோதான் பெயர். முதலில் ஏறுபவர் நான்கைந்து துப்பட்டாக்களை விரித்து இடம் பிடிப்பார். அடுத்தடுத்த நிலையங்களில் நர்ஸ், பேங்க், கார்மெண்ட்ஸ் என்று ஒவ்வொருவராக வந்து அமர்வார்கள். பேங்க் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதும் அந்தப் பெட்டியின் மரியாதைகளில் ஒன்று.

முதல் நாள் எங்கே வேலை என்று என்னிடம் கேட்டபோது, அடுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை என்றேன். மடியில் நூலகப் புத்தகம் ஒன்று இருந்தது. "அப்ப டீச்சர்" என்றார் கார்மெண்ட்ஸ். நான் மறுக்கவில்லை. பள்ளியில் நான் மணியடித்தேன், வராண்டா கழுவினேன், ஆசிரியர் அறைக்குத் தேநீர் கொண்டுபோனேன். அங்கே என்னை அழைக்க ஒரு கைதட்டலே போதுமானதாக இருந்தது.

அதனால் ரயிலில் கழிந்த நேரமே என் உண்மையான நாள் என்று நம்பத் தொடங்கினேன். புடவையைக் கவனமாகக் கட்டினேன். நிதானமாகப் பேசினேன். அவர்களுடைய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தேன், மருந்துச் சீட்டுகளைப் படித்துச் சொன்னேன். என்னுடன் பயணித்த எட்டுப் பேரின் பார்வையில் நான் எப்படித் தெரிந்தேனோ அப்படியே ஆனேன். அது பொய்யாகவும் தோன்றவில்லை.

கார்மெண்ட்ஸ் பொம்மனஹள்ளியில் சட்டைக் காலர் தைப்பவர். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு தேறிய வாரம், அவளையும் ரயிலுக்கு அழைத்து வந்தார்.

"இவ காமர்ஸ்னு நிக்கிறா. நீங்க சொல்லுங்க டீச்சர், இன்னா போடலாம்?"

"எனக்குக் கணக்கு வராதும்மா" என்றாள் அந்தப் பெண்.

"நீ வாயை மூடு. டீச்சரைக் கேக்கிறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முந்தின நாள் தேநீர் வைக்கும்போது ஆசிரியர் அறையில் காதில் விழுந்த வாக்கியம் ஒன்று என் வாயிலிருந்து வந்தது. "சயின்ஸ் எடுத்தா எந்தப் பக்கமும் போகலாம், காமர்ஸ் எடுத்தா அந்த ஒரு வழிதான்." அவளுடைய மதிப்பெண்களை நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதே, நான் ஆசிரியை அல்ல என்பதற்குப் போதுமான சான்று.

சயின்ஸில் சேர்ந்த அவள், இரண்டாண்டு கழித்து இரண்டாம் பியூசியில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், இயற்பியலிலும் கணக்கிலும் தோற்றாள். மறுதேர்விலும் தோற்றாள். அதன்பின் தாயோடு தையல் வேலைக்கு வரத் தொடங்கினாள். அந்த எட்டுப் பேரோடு இன்னொருவராக ஒரு புதிய கார்மெண்ட்ஸ்.

"டீச்சரே பார்த்துச் சொன்ன படிப்பு. இது மண்டையில ஏறினாத்தானே" என்றார் தாய், எல்லோர் முன்னாலும். "மாடு மேய்க்கத்தான் லாயக்கு. அதுக்கும் இங்க மாடு இல்ல."

பேங்க் சிரித்தார். அந்தப் பெண் தலை குனியவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவறு என்னுடையது என்று ஒரு வரி சொல்லியிருக்க முடியும். அதைச் சொல்ல, நான் யார் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. "பரவாயில்லை, விடுங்க" என்றேன். பெருந்தன்மையாக ஒலித்தது.

அந்த ஏச்சு ஒரு மழைக்காலம் முழுதும் நீடித்தது. ஒரு நாள் கண்டோன்மெண்ட் நிலையம் நெருங்கும்போது, மற்றவர்கள் பைகளோடு வாசலுக்குச் சென்றிருக்க, அவள் என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"போன வருஷம் உங்க ஸ்கூலுக்கு வந்தேன் ஆன்ட்டி. பிசிக்ஸ்ல ஒரு டவுட்டு. நீங்க வராண்டா கழுவினு இருந்தீங்க. அப்படியே திரும்பிட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. என்னிடமிருந்து முதலில் வந்திருக்க வேண்டிய சொற்கள் வேறு. நான் கேட்டது இதுதான்:

"அம்மாகிட்ட சொன்னியா?"

அவள் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் எவ்வளவு சிறுத்தேன் என்பதை இன்றும் அளந்து சொல்ல முடியவில்லை.

"இல்ல" என்றாள். "அம்மாவுக்கு உங்களை விட்டா கேக்கிறதுக்கு யாரிருக்கா."

ரயில் நின்றது. வாசலிலிருந்து அவள் தாய் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், எறங்கலையா?"

"இதோ வரேன்" என்றேன்.