குக்கர் அக்காவுக்கு ஒரு நிபந்தனை

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகள் சிந்துவைப் பெண் பார்க்க ஓசூரிலிருந்து வந்திருந்தார்கள். கேசரி பிரமாதம். பையனும் பிரமாதம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது... பையனின் அம்மா தொண்டையைச் செருமும் வரை.

"ஒண்ணே ஒண்ணுங்க. இனிமே நீங்க எலெக்‌ஷன்ல நிக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் தோத்துட்டு... எங்க சொந்தக்காரங்க சிரிப்பாங்க."

விஷயம் இதுதான். என் அக்கா வசந்தா, மைசூர் அக்ரஹாரத்தில் ரவிக்கைத் துணிக் கடை வைத்திருக்கிறாள். மாநகராட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் சுயேச்சையாக நிற்பாள். எப்போதும் தோற்பாள். சுயேச்சைக்குச் சின்னம் ஒவ்வொரு முறையும் மாறும் அல்லவா? ஒரு காலத்தில் அவள் சீலிங் ஃபேன் அக்கா. போன தேர்தலிலிருந்து குக்கர் அக்கா. கடைக்கு வந்து, "இங்க குக்கர் ரிப்பேர் பண்றீங்களாமே?" என்று கேட்டவர்களும் உண்டு!

தோற்றதும் என்ன செய்வாள்? மூலையில் உட்கார்ந்து அழுவாள் என்றா நினைக்கிறீர்கள்? மறுநாள் காலை தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகை மாலை வாங்கிக்கொண்டு நேரே ஜெயித்தவர் வீட்டுக்குப் போவாள். மாலையைப் போடுவாள். போட்ட கையோடு, "எங்க தெருவுல சாக்கடை அடைச்சிருக்கு, வாங்க பாக்கலாம்" என்பாள். கழுத்தில் மாலையோடு சாக்கடையை எட்டிப் பார்த்த கார்ப்பரேட்டர்கள் எங்கள் வார்டில்தான் இருப்பார்கள்.

அப்படிப்பட்டவள் அன்று இறங்கி வந்துவிட்டாள். சிந்துவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த தேர்தல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஊரில் பேச்சு வேறு. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "சரிங்க... பொண்ணு வாழ்க்கைதானே முக்கியம்" என்று ஆரம்பித்தாள். தோற்ற நாட்களில்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்துத் தெரு கிரிஜம்மா வர வேண்டும்?

"அக்கா, நீரு பர்த்தில்ல! காலையிலருந்து ஒரு சொட்டு தண்ணி இல்ல" என்றார் வாசலிலிருந்தே. அவ்வளவுதான். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

பையனின் அம்மாவுக்கு ஆச்சரியம். "இதையெல்லாம் உங்க கார்ப்பரேட்டர்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"இல்லம்மா. அவரு போனே எடுக்க மாட்டாரு."

"அப்ப நீங்கல்லாம் இவங்களுக்குத்தான ஓட்டு போடுவீங்க?"

கிரிஜம்மா கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "அய்யோ, போட மாட்டேன்! ஜெயிச்சிட்டா அக்காவும் போன் எடுக்க ஆள் வெச்சிக்குவாங்க. அப்புறம் எங்க கதி?"

என்ன லாஜிக் பாருங்கள்! வேலை செய்கிறவளுக்கு ஓட்டு கிடையாது... ஏனென்றால் அவள் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும். தோற்றுக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. ஆனால் இவர்கள் நிற்பதால்தான் ஜெயிக்கிறவருக்கும் கொஞ்சமாவது பயம் இருக்கிறது. இதை யார் யோசிக்கிறார்கள்?

அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்த சிந்து வாயைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, காலேஜ்ல என்னையும் குக்கர்னுதான் கூப்பிட்டாங்க. முதல்ல அழுதிருக்கேன். இப்ப அழ மாட்டேன். அம்மா நிப்பாங்க. தோத்தாலும் நிப்பாங்க. அது ஓகேன்னா மேல பேசலாம்."

பையன் சிரித்தான். அவன் அம்மா சிரிக்கவில்லை. "ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்று எழுந்துகொண்டார்கள்.

"ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? அக்கா மகளைத் திட்டித் தீர்த்தாள். எனக்கோ திட்டியவளையும் திட்டு வாங்கியவளையும் பார்க்கப் பார்க்க அப்படி ஒரு பெருமை. என் வீட்டுப் பெண்கள்!

புதன்கிழமை போன் வந்தது. பையனின் அம்மாதான். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சம்பந்தியம்மா, எங்க தெருவுல ஒரு வாரமா குப்பை எடுக்கல. இதுக்கு யாரைப் பிடிக்கணும்?"

அந்த முதல் வார்த்தையைக் கேட்டதும் சிந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். அக்கா அதைக் கவனித்தாளா என்றே தெரியவில்லை. "தெரு பேரைச் சொல்லுங்க" என்று பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மாவுக்கு மட்டும் மைசூரில் ஓட்டு இருந்திருந்தால்... அதுவும் அக்காவுக்கு விழுந்திருக்காது!