பறக்காத கூடாரம் ஒன்று வேண்டும்

நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்கும். சிலர் மாலை போட்டுக்கொண்டு மலைக்குப் போவார்கள், சிலர் மீசைக்கு மை பூசுவார்கள். என் கணவருக்குக் கூடாரம் அடித்துத் தூங்க வேண்டும் என்று தோன்றியது. அவருக்கு ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஆலையில் ஷிஃப்ட் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் பகலில் தூங்க வேண்டுமல்லவா? இவர் போர்வைக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு, எங்கோ பனிமலையில் ஒரு வெள்ளைக்காரன் கூடாரத்து வாசலில் உட்கார்ந்து முட்டை பொரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அவன் பொண்டாட்டி வீட்டை விட்டுத் துரத்தியிருப்பா. அதான் பனியில முட்டை பொரிக்கிறான்" என்றேன்.

"உனக்கு இயற்கைன்னா இன்னான்னே தெரியாது" என்றார். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சாக்கடை ஒவ்வொரு மழைக்கும் பொங்கி வாசலுக்கு வருகிறது. அதைவிட நெருக்கமாக இயற்கையை யாரும் பார்த்திருக்க முடியாது என்பது என் கட்சி.

முதல் கூடாரம் ஆன்லைனில் வந்தது. ஆரஞ்சு நிறம், நைலான். பையைத் திறந்தால் தானாக விரியும் என்று போட்டிருந்தது. பொய் சொல்லவில்லை. எங்கள் கூடத்தில் பையைத் திறந்ததும் 'டப்'பென்று விரிந்து டிவி ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு நின்றது. மறுபடி எப்படி மடிப்பது என்று மட்டும் எங்கும் போடவில்லை. அவர் ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. என் மாமனார் முன்னறையில் தறி போட்டு நெய்கிறவர். தறிக்குப் போகிற வழியை அது அடைத்துக்கொண்டதால், அவர் கூடாரத்துக்குள் நுழைந்து அந்தப்பக்கம் வெளியேறித்தான் வேலைக்குப் போனார். "தினம் கோயில் கோபுரத்துக்குள்ள பூந்து போற மாதிரி இருக்குதுபா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்னேரிக்குப் போனோம். கணவரோடு வேலை செய்கிற ஒருவருக்கு ஏரிக்கரைக்குக் கீழே கொஞ்சம் நிலம் இருந்தது, தாராளமாக வந்து தங்குங்கள் என்று சொல்லியிருந்தார். நான், கணவர், ஏழாவது படிக்கிற எங்கள் மகள், "தனியா வீட்ல உக்காந்து நான் இன்னா பண்ணட்டும்" என்று காரில் ஏறிக்கொண்ட மாமனார், ஆக நான்கு பேர். தண்ணீர்ப் பக்கம் கரையோரமாகவே போட்ட கூடாரம் அழகாகத்தான் நின்றது. மகள் வரிசையாக செல்ஃபி எடுத்தாள். பிறகு ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது.

பிரமாதமான புயல் ஒன்றும் இல்லை. ஐப்பசியில் எல்லா ஊரிலும் அடிக்கிற காற்றுதான். அது கூடாரத்துக்குள் புகுந்து, நான்கு தலையணையோடும் என் புதுப் போர்வையோடும் அதைத் தூக்கியது. கரைமேல் ஒருமுறை உட்கார்ந்து, எழுந்து, உருண்டு, மறுபடி எழுந்து ஓடியது. பின்னாலேயே என் கணவர், லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. ஏரியில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், "பலூன் விக்கிறீங்களா சார்?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். கடைசியில் அது ஒரு கருவேல மரத்தில் போய்ச் சிக்கி, சல்லடை மாதிரி கிழிந்தது. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. நாங்கள் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம்.

"இதுக்கு வீட்லயே ஜன்னலைச் சாத்திக்கினு சாப்பிட்டிருக்கலாம்" என்றார் மாமனார்.

கணவர் ஒரு வாரம் உம்மென்று இருந்தார். அத்தோடு விட்டுவிடுவார் என்று நம்பினேன். எட்டாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "தப்பு நம்ம மேல இல்ல. துணி மேல. நமக்கு வேண்டியது கித்தான், லாரிக்குப் போடற கெட்டித் துணி" என்றார்.

இந்த இடத்தில்தான் நானும் மாட்டிக்கொண்டேன். நான் ப்ளவுஸ் தைக்கிறவள். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி எனக்குச் சின்னக் கடை இருக்கிறது. துணி என்று யாராவது வாயெடுத்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. "கித்தான் வாங்கறதுன்னா நானும் வரேன். நீங்க போனா பளபளன்னு இருக்கறதைத்தான் வாங்குவீங்க" என்று சொல்லிவிட்டேன். "நெசவு எப்படின்னு நான் பார்க்காம வாங்கறதா?" என்று மாமனாரும் சட்டையை மாட்டினார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு தார்ப்பாய்க் கடைக்குப் போனோம். லாரிப் படுதா, நெல் மூடுகிற பாய், பந்தல் துணி எல்லாம் மலைபோல் அடுக்கியிருந்தது. கடைக்காரர் பாய் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "எதுக்கும்மா? லாரிக்கா, களத்துக்கா, கல்யாணத்துக்கா?" என்றார்.

"தூங்கறதுக்கு" என்றேன்.

பாயின் முகம் மாறியது. "ஏம்மா, வீடு இல்லையா?"

"இருக்குது."

"வீட்ல ஏதாச்சும் சண்டையா?" என்று குரலைத் தாழ்த்தி, மாமனாரை ஒரு பார்வை பார்த்தார்.

கணவர் ஃபோனை நீட்டி அந்த முட்டைக்காரனைக் காட்டினார். பாய் வெகுநேரம் பார்த்தார். "பாவம்" என்றார். பிறகு சுருள்களை இறக்க ஆரம்பித்தார்.

எங்கள் ஊரில் துணி வாங்குவது என்பது ஒரு விசாரணை. மாமனார் கித்தானின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார். பாவு இழை எத்தனை முறுக்கு, ஊடை இழை எத்தனை முறுக்கு என்று கேட்டார். அப்புறம் ஒரு நூலை உருவி, "தீப்பெட்டி குடுங்க" என்றார்.

"பெரியவரே, இது பட்டு இல்ல. ஜரிகையும் கிடையாது. இன்னாத்துக்கு எரிக்கிறீங்க?"

"எரிச்சாத்தான் அதோட யோக்கியதை தெரியும்."

முதல் சுருளின் நூல் உருகி உருண்டையானது. கலப்படம் என்று மாமனார் முகத்தைச் சுளித்தார். கலப்படம் இல்லை, வேண்டுமென்றே கலந்து நெய்தது, கனம் குறையும், சீக்கிரம் மக்காது என்று பாய் வாதாடினார். அடுத்த சுருள் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானது. சுத்தப் பருத்தி, பாசிப் பச்சை, நெருக்கமான நெசவு. ஊசி குத்திப் பார்த்தேன், ஊசிதான் வளைந்தது. எனக்கு உடனே பிடித்துவிட்டது. கணவருக்குக் கலந்து நெய்ததுதான் வேண்டும், தூக்குவதற்கு லேசு என்று. நானும் மாமனாரும் எப்போதாவதுதான் ஒரே பக்கம் நிற்போம். அன்று நின்றோம், அவர் தோற்றார்.

கம்பத்திலும் சண்டை. அவர் மெல்லிய அலுமினியம் கேட்டார். பாய் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து தரையில் ஊன்றி, "காத்து இதுகிட்ட வந்து கேட்டுட்டுத்தான் போவும்" என்றார். நான் மூலைகளுக்கு இரட்டைத் தையல் கேட்டேன். கயிறு கட்டுகிற ஒவ்வோர் இடத்திலும் உள்ளே ஒரு ஒட்டுத்துணி வைத்துத் தைக்கச் சொன்னேன். கீழ்ப்பக்கம் சுற்றிலும் ஒரு சாண் துணி கூடுதலாக விடச் சொன்னேன், கல்லோ மண்ணோ ஏற்றி வைத்தால் காற்று அடியில் புகாது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மாமனார், "வாசல் கிழக்கே பார்த்து வைங்க பாய்" என்றார்.

பாய் அளவு நாடாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, எந்தப் பக்கம் வேணுமோ திருப்பி வச்சுக்கலாம். இது கூடாரம்."

தைத்து முடித்து வந்த மூட்டையை ஆட்டோவிலிருந்து இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். "நாம போறது பிக்னிக்கா, படையெடுப்பா?" என்று மகள் கேட்டாள்.

சோதித்துப் பார்க்காமல் எடுத்துப் போவதில்லை என்று நான் கண்டிப்பாகச் சொன்னதால், மொட்டை மாடியில் கட்டினோம். முளை அடிக்க முடியாததால் கயிறுகளைத் தண்ணீர்த் தொட்டியிலும் கைப்பிடிச் சுவரிலும் கட்டினோம். ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்தேன். என் இரட்டைத் தையல் வழியாக அருவி மாதிரி ஒழுகியது. கோபத்தோடு பாய்க்கு ஃபோன் போட்டேன்.

"புதுசு அப்படித்தாம்மா ஒழுகும்" என்றார். "நல்லா ஊற வைங்க, காய வைங்க, மறுபடி ஊற வைங்க. நூல் உப்பிக்கினு ஓட்டையை அதுவே அடைச்சுக்கும். முன்னாடியே சொல்லியிருப்பேன், அந்த வாசல் பேச்சுல மறந்துட்டேன்."

ஆக, தினமும் கூடாரத்துக்கு அபிஷேகம். மூன்றாம் நாள் மதியம், தண்ணீர் ஊற்றிவிட்டு நான் கடைக்குப் போயிருந்தேன். ஈரக் கித்தானுக்குள் குளுகுளுவென்று இருக்கிறதே என்று மாமனார் கோரைப்பாயைப் போட்டு உள்ளே படுத்திருக்கிறார். கால் மட்டும் வெளியே. எதிர்வீட்டு மாடியில் வடகம் காய வைக்க வந்த அம்மாள் பார்த்தார். பந்தல், தண்ணீர், அசையாத இரண்டு பாதம். எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் பத்திரிகை வைத்திருப்பார்கள். பத்திரிகை வைக்காமல் பந்தல் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நான் திரும்பி வந்தபோது வாசலில் பத்துப் பன்னிரண்டு செருப்புகள் கிடந்தன. மாடியில் ஒப்பாரி ஆரம்பித்திருந்தது. "நேத்துகூட நல்லாத்தானே பேசிக்கினு இருந்தீங்க!" என்று எதிர்வீட்டு அம்மாள் மார்பில் அடித்துக்கொண்டார். யாரோ ஒருவர் மாலையும் வாங்கி வந்துவிட்டார். சத்தத்தில் மாமனார் எழுந்து, தலையை வெளியே நீட்டி, கூட்டத்தைப் பார்த்து நிஜமான கவலையோடு கேட்டார்: "அய்யய்யோ, யாருபா போயிட்டாங்க?"

எதிர்வீட்டு அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். மாலையை வீணாக்க வேண்டாம் என்று முருகன் படத்துக்குப் போட்டோம்.

அடுத்த ஞாயிறு மழை என்று செய்தியில் சொன்னார்கள். எந்தப் புத்தியுள்ள குடும்பமும் வீட்டில் இருக்கும். என் கணவர், "இதைத்தானே எதிர்பார்த்துக்கினு இருந்தோம்!" என்று காரின் மேலே கூடாரத்தை ஏற்றிக் கட்டினார். கார் ஒரு பக்கம் சாய்ந்தபடியே தென்னேரி போய்ச் சேர்ந்தது.

போன தடவை மாதிரி கரையோரமாகப் போடவில்லை. கரை காற்றை மறைக்கிற இடமாகப் பார்த்து, கொஞ்சம் மேடாக, தண்ணீர் தேங்காத நிலத்தில் போட்டோம். முளைகளைச் சாய்வாக அடித்தோம். கீழ்த் துணிமேல் மகளும் நானும் கல் பொறுக்கி வைத்தோம். நிமிர்ந்தபோது எனக்கு இடுப்பு போய்விட்டது. அப்போதே மணல் வாரி அடிக்கிற காற்று கிளம்பி, பின்னாலேயே மழை வந்தது. நல்லவேளை, இடி மின்னல் இல்லை. தென்னை மரங்கள் தலைவிரித்து ஆடின. கூடாரம் ஒருமுறை மூச்சை இழுத்து, வயிறு உப்பி, பிறகு விறைப்பாக நின்றது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மகள் மட்டும் சும்மா இருக்காமல் உள்பக்கம் விரலால் தன் பேரை எழுத, அந்த இடத்தில் ஈரம் கசிந்தது. "தொடாதேடி!" என்று நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அப்போதுதான் வாசல் துணியை விலக்கிக்கொண்டு ஒரு ஆட்டுக்குட்டி வந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் அம்மா ஆடுகள். கடைசியாக, தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண். தொப்பலாக நனைந்திருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. குட்டிங்க புதுசா போட்டது, குளிர் தாங்காது. மழை விட்டதும் ஓட்டிக்கினு போயிடறேன்."

"வாம்மா, உள்ள வா" என்றார் மாமனார், அரண்மனைக்கு வரவேற்பதுபோல. ஒரு குட்டியைத் தூக்கி மடியில் வைத்துத் துண்டால் துவட்டினார். மகள் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டாள். பெரிய ஆடு என் புடவைத் தலைப்பைச் சப்ப ஆரம்பித்தது. கூடாரம் முழுக்க ஈர ஆட்டு வாடை. நாங்கள் இருந்தது நான்கு பேருக்கு என்று சொல்லித் தைத்த கூடாரம். ஆடுகளுக்கு யாரும் அளவு எடுக்கவில்லை.

"உள்ளே இடம் பத்தலையே" என்றார் கணவர். அவர் வாசலருகே இருந்தார். ஒவ்வோர் ஆடு வரும்போதும் ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் வெளியே நின்றார். அந்த ஆட்டுக்காரப் பெண்ணுக்குச் சங்கடமாகிவிட்டது. "அண்ணே, நீங்க உள்ள வாங்க, நான் வெளிய நிக்கறேன்" என்று எழுந்தாள். இவர் கையசைத்து மறுத்துவிட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் கூடாரத்துக் கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தளர்கிறதா என்று. தளரவில்லை. அந்த மழையில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்தச் சிரிப்பு இல்லை.

பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் குடை பின்பக்கமாகப் புரண்டு கம்பிகள் வானத்தைப் பார்த்தபோது எனக்கே தாங்கவில்லை. கையை வெளியே நீட்டி அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவர் சறுக்கி, பெரிய ஆட்டின் மேலும் என் மேலும் பாதிப் பாதியாக விழுந்தார். ஆடு கத்தியது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ஆட்டுக்காரப் பெண் வாயைச் சாக்கால் மூடிக்கொண்டு சிரித்தாள். மாமனார் மட்டும் எதுவும் கவனிக்காமல் குட்டியின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்குது?" என்று என்னைக் கேட்டார் கணவர். தலையிலிருந்து தண்ணீர் என் மடியில் சொட்டியது.

ஃப்ளாஸ்க்கிலிருந்த டீயை மூடியில் ஊற்றி முதலில் ஆட்டுக்காரப் பெண்ணிடம் கொடுத்தேன், அப்புறம் அவரிடம். "துணி நல்ல துணி" என்றேன்.