கட்டிப்போட்ட கிரேன்

எங்கள் தெருக்கோடியில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் கிரேனை ஓட்டியவனுக்குத் தெருவே வைத்த பெயர் காத்தாடி. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே வட்டார வானிலை அறிக்கையைக் கேட்டுவிடுவான். மத்தியானம் ஒரு தடவை, இறங்குவதற்கு முன் இன்னொரு தடவை. வசந்தத்தைப் பாடுகிறவர்கள் பாடட்டும். அவனுக்கு அது வயிற்றில் புளியைக் கரைக்கும் காலம். காலையில் இலை அசையாது, சாயங்காலம் காற்று பேயாட்டம் ஆடும்.

வேலை முடிந்ததும் கிரேனை அசையாமல் கட்டிவைப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தான். பிரேக்கைத் தளர்த்திவிட்டுத்தான் இறங்க வேண்டுமாம். காற்று தள்ளும் பக்கமெல்லாம் அந்த நீண்ட கை தானாகத் திரும்ப வேண்டும். பிடித்து நிறுத்தினால் காற்று மொத்தக் கிரேனையும் சாய்த்துவிடும்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. எனக்கு மேல்வீட்டில் அவனுடைய அக்கா இருந்தாள். முன்பு அந்தக் கிரேனை ஓட்டியவர் அவள் புருஷன்தான். குளிர்காலத்தில் ஒரு நாள், மேலே கேபினில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். அந்த இடத்துக்குத்தான் தம்பி வந்தான். வசந்தம் பிறந்ததும் சாயங்காலக் காற்று அந்தக் கையை மெல்லத் திருப்பிக்கொண்டு வந்து, அக்காவின் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக நிறுத்தும். கையோடு சேர்ந்து திரும்பும் கேபினுக்குள் ஆளே இருக்காது. காற்றுதான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் திரும்பும்போது அது முனகுவதைக் கேட்டால் எனக்கே உடம்பு சிலிர்த்துவிடும்.

அவர்தான் பார்க்கிறார் என்பாள் அக்கா. சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. துரும்பாய் இளைத்துவிட்டாள். இப்படியே போனால் ஆள் தேற மாட்டாள் என்று டாக்டர் தம்பியிடம் சொல்லிவிட்டார். அவன் கேலி பேசியும் பார்த்தான்: வீட்டில் இருந்தபோதே அத்தானுக்கு உன்னை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை, இப்போது என்ன புதுசாக என்று. அவள் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு நாள் அதக் கட்டிப் போடுடா. நான் தூங்கணும்."

அரை நாள் மட்டும் வேலை இருந்த ஒரு நாள், அறிக்கை லேசான காற்று என்றது, மறுநாள் வரை மாற்றமில்லை என்றது. பாழாய்ப்போன இளகின மனசு அவனுக்கு. கையைப் பக்கத்துக் காலிமனைப் பக்கமாக நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, கேபினைப் பூட்டிவிட்டு இறங்கினான். அன்று மத்தியானம் அக்கா தட்டு நிறையச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கினாள்.

பொழுது சாய்வதற்குள் அறிக்கை தலைகீழானது. சூறைக்காற்று எச்சரிக்கை. குப்பைத்தொட்டிகள் தெருவில் உருண்டன, கொடியில் கிடந்த துணியெல்லாம் பறந்தது. கிரேன் மட்டும் அசையவில்லை. எல்லாம் ஆடும்போது அது ஒன்று மட்டும் ஆடாமல் நின்றதைப் பார்க்க எனக்குக் குலை நடுங்கியது. விழுந்தால் எங்கள் கட்டடத்தின் மேல்தான். காத்தாடி கதவு கதவாகத் தட்டி எங்களை வெளியேற்றினான். எச்சரிக்கை கேட்டு ஓடிவந்த கட்டட மேஸ்திரி தடுத்தும் கேட்காமல் ஏணியில் ஏறினான்.

தெருமுனையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எது திரும்பக் கூடாதென்று அழுதாளோ, அதைத் திரும்பச் சொல்லி மன்றாடினாள். திரும்பினால்தானே தம்பி பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்துவிட்டான் என்று தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்த முனகல் கேட்டது. கை மெல்லச் சுழன்று, அவள் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

அவன் இறங்கி வந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது. நல்ல வேளை, போய்ப் பிரேக்கை எடுத்தாயே என்றார் மேஸ்திரி.

"நான் பாதி ஏணிகூட ஏறலண்ணே. அதுக்குள்ள திரும்பிடுச்சு."

பிரேக் நழுவியிருக்கும் என்றார் அவர், குரலில் பலமில்லாமல். காற்று அடங்கியதும் மேலே போய்ப் பார்த்தார்கள். கேபின் பூட்டியபடியே இருந்தது. உள்ளே பிரேக் தளர்த்திவிடப்பட்டிருந்தது.

அதைக் கேட்டதும் அக்கா தம்பியின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"உன்ன அந்தக் காத்துல ஏற விடலடா அவரு."