பொம்மைக்கு மாட்டிய சட்டை

மிங்கலாடோனில் மழைக்காலத்தில் கத்தரி போட்ட குத்தகை நிலத்தில் குளிர்காலத்துக்குத் தக்காளி போட்டேன். மைனாக்கள் கொத்தின. தாய்லாந்துக்குப் போன மகனின் பழைய சட்டையை மாட்டி ஒரு பொம்மை நட்டேன். என் மூளை அவ்வளவுதான்.

இன்று காலை வார்டு ஆபீஸ்காரர், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலோடு வேலியோரம் நின்று, பர்மிய முறையில் மாமா என்று கூப்பிட்டார்.

"ஊலே, மகன் திரும்பி வந்துட்டான் போல. நேத்துலேருந்து தோட்டத்துலயே நிக்கிறானே."

மரியாதையாகச் சொன்னேன், "அது பொம்மை, சயா."

உள்ளே வந்து பொம்மையின் கையைப் பிடித்துப் பார்த்தார். வைக்கோல் உதிர்ந்தது. சிரித்தார். நானும் சிரித்தேன்.

போகும்போது, "நிஜமாவே அவன் தாய்லாந்துலதானே இருக்கான்?" என்றார்.

சட்டையைக் கழற்றிவிட்டேன்.

மைனாவை மட்டும் பயமுறுத்தும் பொம்மை செய்யத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் செய்தது என்னைத்தான் பயமுறுத்துகிறது.