நாக்கோட போச்சு ஒண்ணு

கோட்டைக்குப்பத்து மனோரமாவுக்கு மைக்ரோஸ்கோப் வேலை கிடைத்தபோது குப்பமே சிரித்தது. சேற்றைச் சலித்துக் கண்ணுக்குத் தெரியாத ஓடுகளைப் பொறுக்குவதும் ஒரு வேலையாம்! சிரிக்கட்டுமே. சென்னாக்குன்னி இறால் குவியலில் கலந்து கிடக்கும் பொடி நண்டைப் பேசிக்கொண்டே எடுத்துப் போடுகிற விரல் அவளுடையது.

வேலை கொடுத்தவள் பழவேற்காடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் சஃபியா. ஏரி முன்பு எப்படி இருந்தது என்று ஆராய்ச்சி செய்கிறாள். மனோரமாவின் புருஷன் தேசப்பன் சஃபியாவைப் படகில் கூட்டிப்போய், ஏரிக்கடியில் நீளக் குழாயை இறக்கிச் சேறெடுத்துத் தருவான். அதைச் சல்லடையில் கழுவிக் காயவைத்துக் கறுப்புத் தட்டில் தூவினால், எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒருசெல் உயிர்களின் ஓடுகள் மைக்ரோஸ்கோப்பில் தெரியும். ஈரத் தூரிகையின் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து ஸ்லைடில் ஒட்ட வேண்டும். எந்த இனம் எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும்.

லத்தீன் பெயரெல்லாம் மனோரமாவின் வாயில் நுழையவில்லை. சுருண்டிருந்தால் முறுக்கு. பின்னியிருந்தால் ஜடை. உருண்டை உருண்டையாக ஒட்டியிருந்தால் போண்டா. முறுக்கு ஏரிக்காரன், ஜடையும் போண்டாவும் கடல்காரர்கள். மூன்றே மாதத்தில் சஃபியாவே, "அக்கா, இன்னிக்கு எத்தினி முறுக்கு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள் என்றால் பாருங்களேன்.

வம்பு பதினேழாம் குழாயில் வந்தது. கடல் வந்து கலக்கும் முகத்துவாரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி எடுத்த சேறு அது. அடிவரைக்கும் முறுக்குதான் இருக்க வேண்டும். மனோரமா அடிச்சேற்றிலிருந்து எடுத்து வைத்ததோ நாற்பது போண்டா, பதினோரு ஜடை. சென்னையில் இருக்கும் சஃபியாவின் பேராசிரியர் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். பொறுக்குகிற அம்மா, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கடல்மண் தட்டோடு கலந்துவிட்டார், பதினேழைத் தூக்கிப் போடு, வேறு ஆளைப் பார்.

சஃபியா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். "அக்கா, கடல்மண்ணு வெச்சிருந்த தட்டைக் கழுவாம இதைக் கொட்டிட்டியா? சொல்லிடு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"நெனைச்சிட்டுத்தானே கேக்குற," என்றாள் மனோரமா. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனவள்தான், மூன்று நாள் வரவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தப் பெண் தன்னை நம்பவில்லையே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நான்காம் நாள் காலையில் சஃபியா நோட்டும் கையுமாக வாசலில் நின்றாள். பதினேழாம் குழாயின் பக்கம் திறந்திருந்தது. மனோரமாவின் கோணல் எழுத்து: 'போண்டா 40. நாக்கோட போச்சு 1.'

தூரிகையை நாக்கில் வைத்து நனைக்காதே என்று சஃபியா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பழக்கதோஷம், நனைத்துவிட்டாள், முனையில் ஒட்டியிருந்த ஒன்று உள்ளே போய்விட்டது. யாருக்குத் தெரியப் போகிறது? ஆனாலும் எழுதி வைத்திருந்தாள்.

"முழுங்கினதைக்கூட எழுதி வெச்சிருக்கியேக்கா. நீயா கலப்ப? என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்." சஃபியாவின் கண் தளும்பிவிட்டது.

"சரி, அழாத. உனக்குப் புரிஞ்சா ஆச்சா? உங்க சாருக்கு இன்னா சொல்லுவ?"

வலை பிரித்துக்கொண்டிருந்த தேசப்பன் தலை தூக்கினான். "எதும்மா அந்தப் பதினேழு?"

சஃபியா செல்போனில் வரைபடத்தைக் காட்டினாள். "அட, இது மூடுவாய்ப் பாடு!" என்றான். ஏரியில் வலை கட்டுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. "ஒரு காலத்துல கடல் அங்கதான் வாய் தொறந்து உள்ள வருமாம். மண்ணடிச்சு மூடிக்கிச்சுன்னு சொல்லுவாங்க."

"இத்தினி நாளா ஏண்ணே சொல்லல?"

"நீ நம்பர்தானேம்மா போட்ட. பேரு கேட்டியா?" மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான். "இங்ககூட மூணு நாளா ஒரு மூடுவாய் குந்தினு இருக்குது."

அதே மூடுவாய்ப் பாட்டில் பத்தடி தள்ளி மறுபடி குழாய் இறக்கினார்கள். சேறு காய்ந்ததும் மனோரமா தட்டைத் தொட மறுத்துவிட்டாள். "நீயே பொறுக்கு. அப்பதான் ஒருத்தரும் ஒண்ணும் பேச முடியாது."

பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சஃபியாவுக்குப் பழக்கமில்லாத கை, ஆமை வேகம். ஒரு மணி நேரம் வெறும் முறுக்கு. போண்டா வராவிட்டால் மனோரமா இந்த அறைக்குள் இனி எந்த முகத்தோடு வருவாள்?

"அக்கா! போண்டா!"

மனோரமா குனிந்து பார்த்தாள். உருண்டை உருண்டையாக, சந்தேகமே இல்லை. பக்கத்தில் ஒரு ஜடை. அதற்கப்பால் இன்னொரு போண்டா. பார்க்கப் பார்க்கக் கண்ணீர் வந்து எல்லாம் மங்கிப் போயிற்று. தன் வார்த்தை நிஜமானதில் அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

சஃபியாவுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. அவசர அவசரமாக அடுத்ததை எடுக்கப் போனாள், தூரிகை காய்ந்திருந்தது. சட்டென்று நாக்கில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி?"

"முழுங்கிட்டேன்க்கா."

மனோரமா கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை இழுத்தாள். சிரிப்பில் கை குலுங்க, எழுத்து இன்னும் கோணலாக விழுந்தது: 'நாக்கோட போச்சு, சஃபியா 1.'