மேசை மேல் வைத்த ஜீப் சாவி

வட்டக்கானல் டீக்கடை ஒன்றில், மச்சானின் ஜீப்பைப் பந்தயம் வைத்து ஆடிக்கொண்டிருப்பதாக நான் ஒரு மத்தியானம் முழுக்க நம்பினேன். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபது வருடங்களுக்கு மேல் இருக்கும். அப்போது கொடைக்கானல் பக்கம் பேக்கேமன் பைத்தியம் ஒன்று இருந்தது. வட்டக்கானலில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுப் பயணிகள் பலகையும் காயுமாக வந்து, நம் ஆட்களுக்கும் பழக்கிவிட்டுப் போனார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஏறக்குறைய நம் தாயம் மாதிரிதான். பகடையை உருட்டி, தன் காய்களையெல்லாம் முதலில் வீடு சேர்த்து வெளியே எடுப்பவருக்கு வெற்றி. மழைக்காலத்தில் சவாரி அதிகம் கிடைக்காது என்பதால் டிரைவர்கள், கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள் எல்லோரும் சேர்ந்து போட்டி நடத்துவார்கள். முதல் பரிசு பிரஷர் குக்கர். இரண்டாம் பரிசு ஒரு பை கேரட்.

எனக்கு ஊர் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம். கொடைக்கானலில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரர் கால் முறிந்து, கட்டுப் போட்டுப் படுத்துவிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க அவருடைய ஜீப்பை நான்தான் ஓட்டினேன். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த ஜீப்பால்தான். "ஏலே மாப்ள, வண்டில ஒரு கீறல் விழுந்துச்சு, ஒன் தோல உரிச்சுப்புடுவேன்" என்பது கட்டிலில் கிடந்தபடியே மச்சான் தினமும் எனக்குத் தரும் ஆசீர்வாதம்.

ஆரம்பச் சுற்றுகள் கொடைக்கானல் ஊருக்குள் ஒரு லாட்ஜ் மாடியில் நடந்தன. நான் எப்படியோ உருட்டிப் பிரட்டி பைனலுக்கு வந்துவிட்டேன். பைனல் மட்டும் வட்டக்கானல் டீக்கடையில். எதிரே ஒரு பாட்டு டீச்சர். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், முகத்தில் பரீட்சை ஹால் அமைதி. உட்கார்ந்ததும் ஸ்கூட்டர் சாவியை எடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "தம்பி, ஒங்க சாவியயும் வைங்க."

"ஜீப் சாவியா?"

"பின்ன, பீரோ சாவியா? சாவி வைக்காம இங்க யாரையும் ஆட விடுறதில்ல."

ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்களே! சினிமா வில்லன் மாதிரி சாவியைத் தூக்கி மேசையில் போட்டேன். போட்ட கையோடு உள்ளுக்குள் பழனி மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். முருகா, ஜீப் பத்திரமாக வீடு வந்து சேரட்டும், மொட்டை போடுகிறேன்.

முதலில் நன்றாகத்தான் போனது. அப்புறம் என் காய் ஒன்று தனியாக மாட்டியது. டீச்சர் அதை வெட்டிவிட்டு, எண்கள் எழுதிய பெரிய கட்டையை எடுத்து, இரண்டு என்ற எண் மேலே வரும்படி என் முன்னால் வைத்தார். ஆட்டத்தின் மதிப்பை இரட்டிப்பாக்கும் கட்டை அது. ஏற்காவிட்டால் அங்கேயே தோல்வி.

"டபுள். ஏத்துக்கிறீங்களா, விட்டுர்றீங்களா தம்பி?"

லாட்ஜில் ஆடியபோது அது வெறும் புள்ளிக் கணக்கு. சாவிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வேறு கணக்காகத் தெரிந்தது. விட்டால் ஒரு ஜீப் போச்சு. ஏற்றுக்கொண்டு தோற்றால் இரண்டு ஜீப். இன்னொரு ஜீப்புக்கு நான் எங்கே போவேன்?

"ஏத்துக்கிறேன் டீச்சர்" என்று என் வாயிலிருந்து யாரோ சொன்னார்கள்.

வேண்டுதலையும் இரட்டிப்பாக்கினேன். முருகா, என் தலை பத்தாது, மச்சான் தலையையும் எடுத்துக்கொள்.

"தம்பிக்கு இந்தக் குளிர்லயும் வேக்குது, பாருங்கய்யா!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கடையே சிரித்தது. எனக்கு மச்சானின் கால்கட்டு தெரிந்தது. அக்காவின் முகம் தெரிந்தது. பலகை மட்டும் தெரியவே இல்லை. வெளியே மூடுபனிக்குள் ஏதோ வண்டி ஹாரன் அடித்தபடி இருந்தது.

டீச்சர் கடைசிக் காயை வெளியே எடுத்து வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். ஜீப் உறுமும் சத்தம் கேட்டது.

நான் ஓடினேன். செருப்பு ஒன்று கடையிலேயே நின்றுவிட்டது. பனிக்குள் மேட்டில் ஏறும் சிவப்பு விளக்கைப் பார்த்து, "டீச்சர், அது எங்க மச்சான் வண்டி! ஆள் கால் ஒடிஞ்சு கெடக்காரு! கொண்டு போயிராதீங்க!" என்று கத்தினேன். அழவில்லை என்று சொல்ல ஆசைதான்.

ஜீப் கொஞ்ச தூரத்தில் நின்றது. என்னைத் தாண்டி ஒரு பால் வண்டி போனது. அதன் டிரைவர் டீச்சருக்கு ஒரு கும்பிடு போட்டார். டீச்சர் இறங்கி வந்தார்.

"எங்க தம்பி கொண்டு போறேன்? இந்தச் சந்துல பால் வண்டி போக வேணாமா? ஆட்டத்துல உக்காந்துட்டா ஒருத்தரும் எந்திரிக்க மாட்டீங்க. அதான் சாவிய மேசைல வைக்கச் சொல்றது. யாரு கை சும்மா இருக்கோ அவங்க எடுத்து வண்டிய ஒதுக்கிருவாங்க." சாவியை என் கையில் வைத்தார். "ஹேண்ட்பிரேக் லூஸா இருக்கு, பாத்துக்கங்க."

கடைக்குத் திரும்பியபோது ஒரு கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "குக்கர் குடுக்கற எடத்துல ஜீப்பக் குடுக்க வந்தீங்களே தம்பி!" என்று கடைக்காரர் கேரட் பையை நீட்டினார்.

இன்றைக்கும் எதற்காவது நெஞ்சு அடித்துக்கொண்டால், முதலில் "எதுக்குங்க?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன். பாதி பயம் அந்தக் கேள்வியோடு போய்விடுகிறது.

ஆனால் வேண்டுதல் வேண்டுதல்தானே? மச்சானின் கால் சரியானதும் இரண்டு பேரும் பழனியில் மொட்டை போட்டோம். தன் காலுக்காக மச்சினன் நேர்ந்துகொண்டான் என்று அவர் இன்னமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.