செலக்‌ஷன் அக்காவும் நான்கு பிரேக் பேடுகளும்

காலை எட்டு மணிக்குச் சற்று முன்பாக எங்கள் ஷூ கம்பெனியின் வாசலில் அந்தச் சத்தம் கேட்கும். ஸ்லேட்டில் ஆணியால் கோடு இழுத்தால் எழுமே, அந்தக் கீச்சொலி. வாட்ச்மேன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டைத் திறப்பார். வெள்ளை நிறச் சின்னக் கார் ஒன்று உள்ளே வந்து, பிரேக் போடும்போது லேசாக இடப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, புங்க மரத்தடியில் ஓயும். செலக்‌ஷன் அக்கா இறங்கி, முன் சக்கரத்தை ஒரு முறை முறைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையோடு தோல் ஸ்டோருக்குள் போவார்.

அக்கா என்று எல்லோரும் அழைத்தோமே தவிர, என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். கம்பெனிக்கு வந்து இறங்குகிற ஒவ்வொரு தோலையும் மேசையில் விரித்து, விரலால் தடவி, முதல் தரம், இரண்டாம் தரம், வேண்டாம் என்று பிரிப்பது அவர் வேலை. உண்ணி எந்த இடத்தில் கடித்தது என்பதை அந்த மாடே மறந்திருக்கும். அக்காவின் விரல் கண்டுபிடித்துவிடும். நான் அதே கட்டடத்தின் மாடியில், கப்பலேறிப் போகும் ஷூக்களுக்கு ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கிறவன். ஆம்பூரில் இருபது வருடமாக வேலை பார்த்தும், தோலையும் ரெக்சினையும் எதிரே வைத்து எது எது என்று கேட்டால், பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அந்தக் கார் அக்காவின் கணவருடையது. அவர் தவறிய பிறகு இரண்டு வருடம் பள்ளிகொண்டாவில் வீட்டு வாசலில் உறை போர்த்திக் கிடந்தது. அக்கா பஸ்ஸில் வந்துபோனார். பிறகு யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, நாற்பத்தொன்பதாவது வயதில், முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டார். நான் இருபத்தைந்து வயதில் மூன்றாவது முயற்சியில் வாங்கியவன். அதுவும் அன்று அந்த அதிகாரிக்கு என் முகத்தை நாலாவது தடவை பார்க்கும் தெம்பு இல்லை என்பதால்.

அக்கா கார் ஓட்டுவதில் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் ஆட்சேபம் இருந்தது. அவருடைய அண்ணன். அடுத்த தெருவில் இருந்தார், அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர், தங்கைமேல் உயிர். அந்த உயிரே பிரச்சினை. பிரேக் கீச்சிட ஆரம்பித்ததும் அவருக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை, மரத்தடியில் அக்கா எங்களிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணன் வண்டியை வாங்க ஆள் பார்த்துட்டாரு சார். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வர்றாங்களாம். 'பிரேக் சரியில்லாத வண்டியில உன்னைப் பறிகொடுக்க முடியாது'ன்னு அழுவுறாரு. சரி, பிரேக்கைச் சரி பண்ணி ஏலகிரி மலை ஏத்தி எறக்கிக் காட்டறேன், நீயும் கூட வந்து உக்காரு, அப்பவும் பயமா இருந்துச்சுன்னா வித்துடுன்னு சொல்லிட்டேன்."

"இன்னாக்கா, வாக்கு குடுத்துட்டீங்களா?" என்றார் வாட்ச்மேன்.

"குடுத்துட்டேன். ஆனா விக்க மாட்டேன். ரெண்டு வருஷம் பஸ்ஸுக்கு நின்னாச்சு. இனிமே நிக்கறதா இல்ல."

ஆக, ஆறு நாள். எங்கே விடுவது என்பதுதான் கேள்வி. அன்று மதியம் கேன்டீனில் சாம்பார் ஆறிப்போகும் அளவுக்கு விவாதம் நடந்தது. பிரேக்கைப் பற்றித் தெரியாதவர் ஒருவர்கூட எங்கள் கம்பெனியில் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. கட்டிங் பிரிவு மொத்தமும் பைபாஸ் ரோட்டுக் கடைக்கு ஓட்டுப் போட்டது. செல்போனில் பார்த்தால் அந்தக் கடைக்கு வானத்தில் இருப்பதைவிட அதிக நட்சத்திரம். நான் வேலூரில் உள்ள பெரிய சர்வீஸ் சென்டரைப் பரிந்துரைத்தேன். காரணம் கேட்டார்கள். நம்பகம், தரம், உத்தரவாதம் என்று பத்து நிமிடம் பேசினேன். உண்மையான காரணம், அங்கே உட்காரும் அறையில் ஏசியும், பொத்தானை அழுத்தினால் காபி தரும் இயந்திரமும் இருந்ததுதான். தோல் ஏற்றி வரும் வேன் டிரைவர் மட்டும் ஓரமாகக் கை கழுவிக்கொண்டே, "பேர்ணாம்பட்டு ரோட்ல ஒரு பாய் ஷெட் கீதுக்கா" என்றார். பெயர்ப்பலகை உண்டா என்று கேட்டோம். இல்லை. அப்படியென்றால் வேண்டாம் என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மூணையும் பார்த்துடலாம்" என்றார். சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். டை கட்டிய இளைஞர் ஒருவர் சக்கரத்தைக் கழற்றாமலே, குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேடு, டிஸ்க், அதைப் பிடிக்கிற காலிப்பர், எல்லாமே மாற்றவேண்டும் என்றார்.

"கழட்டுறப்ப நான் கூட நின்னு பார்க்கலாமா தம்பி?"

"கஸ்டமர் உள்ளே வரக்கூடாது மேடம். லவுஞ்ச்ல உக்காருங்க."

"கழட்டின பழசைக் காட்டுவீங்களா?"

"அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடும் மேடம்."

அக்கா எழுந்துவிட்டார். நான் இரண்டாவது காபிக்குப் பொத்தானை அழுத்தியிருந்தேன். அது பாதிக் கோப்பை நிரம்புவதற்குள் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்தக் கீச்சொலியை வேலூரில் அன்று வேறு யாரும் எழுப்பவில்லை என்பதால், எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பைபாஸ் கடை. முதலாளி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை, "ஒரு நிமிஷம்பா" என்று சொல்லிவிட்டு நேரே கடையின் பின்பக்கம் போனார். கழிவறை தேடுகிறார் என்று நினைத்து நான் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தேன். திரும்பியபோது அவர் ஒரு பழைய டிரம்மின் முன்னால் நின்று, அதில் கொட்டிக் கிடந்த கழற்றிய பேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். கைப்பையிலிருந்து தன் அளவுக் கருவியையும் எடுத்துவிட்டார். தோலின் கனத்தை அளக்கிற கடிகாரம் அது. உள்ளங்கையில் அடங்கும், கட்டைவிரலால் அழுத்திவிட்டால் முள் சொல்லும். ஒரு பேடை அதன் வாயில் கொடுத்தார். முள் கடைசிவரை ஓடியது. இன்னொன்று. அதுவும் ஓடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோல் பதனிடும் டேனரிகளிலும் அக்கா இதைத்தான் செய்வார். ஒருமுறை வாணியம்பாடிக்கு அவரோடு போயிருக்கிறேன். ஆபீஸ் அறையில் எனக்குப் பாதாம் பால் கொடுத்து, மேசைமேல் பட்டுப்போல நாலு தோலை விரித்திருந்தார்கள். அக்கா அவற்றைத் தொடக்கூட இல்லை. கொல்லைப்பக்கம் போய், வெட்டிக் கழித்த துண்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தார். "மேசை மேல இருக்கறது கல்யாணத்துக்கு வந்த மாதிரி சார், சிங்காரிச்சுட்டுத்தான் வரும். இவங்க எதைக் கழிக்கறாங்க, எதைக் கழிக்க மாட்டேங்கறாங்கன்னு பார்த்தாத்தான் ஆளு யாருன்னு தெரியும்" என்றார். நான் பாதாம் பாலைப் பற்றி மட்டும் குறிப்பு எடுத்துக்கொண்டு வந்தேன்.

"இதுல பாதிக்கு மேல கனம் இருக்குது. இதை ஏன்பா கழட்டினீங்க?" என்று கேட்டார் அக்கா.

"கஸ்டமர் சேஃப்டி முக்கியம் மேடம்" என்றார் முதலாளி.

"அது ரொம்ப ஜாஸ்தி சேஃப்டியா இருக்குதே" என்று சொல்லிவிட்டு அக்கா கையைத் துடைத்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது சனிக்கிழமையும் பெயர்ப்பலகை இல்லாத ஷெட்டும். தகரக் கூரை, வேப்ப மரம், ஒரு காரின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள். அக்கா அந்தக் கால்களைத் தொந்தரவு செய்யாமல், சுவரோரம் இருந்த பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தார். பழைய பேடுகள். ஒன்றை எடுத்து அளந்தார். அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாம் அப்பளம்.

"யாரும்மா அது, என் குப்பையை அளக்கறது?" என்றன கால்கள்.

"தோல் கம்பெனியிலிருந்து வர்றோம் பாய்."

"அது தோல் இல்லம்மா. பிரேக் பேடு."

"தெரியுது பாய். இதுல ஒண்ணாச்சும் தேயாததைக் கழட்டியிருக்கீங்களான்னு பார்க்கறேன்."

கால்கள் கொஞ்ச நேரம் யோசித்தன. பிறகு முழு மனிதரும் வெளியே வந்தார். வெள்ளைத் தாடி, அதில் கிரீஸ். "கெடச்சுதா?"

"இல்ல பாய்."

"கெடைக்காது" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார். அக்கா பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். இடப்பக்கத்திலிருந்து இரண்டு பேடும் வெளியே வந்தன. பாய் வாயைத் திறப்பதற்குள் அக்கா இரண்டையும் கைக்கு ஒன்றாக எடுத்து, விரலால் வருடி, "இது ரெண்டும் ஒரே ஜோடியா பாய்? உள்பக்கத்துது அப்பளமாயிட்சு. வெளிப்பக்கத்துது வடை மாதிரி இருக்குதே, அதெப்படி?" என்றார்.

பாய் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "இவ்ளோ வருஷத்துல ஒரு கஸ்டமர்கூட இதைக் கேட்டதில்ல" என்று என்னிடம் சொன்னார், ஏதோ நான்தான் அக்காவைத் தயார்செய்து கூட்டி வந்ததுபோல. நான் மறுக்கவில்லை. பிறகு காலிப்பரைத் தாங்குகிற ஒரு பின்னைத் தட்டித் தட்டி, பாடுபட்டு உருவி எடுத்துக் காட்டினார். துருவேறி வறண்டிருந்தது. "இது வழுக்கிட்டு ஓடணும்மா. பிடிச்சுட்சு. அதான் ஒரே பக்கம் தேயுது, வண்டியும் இழுக்குது. பேடை மட்டும் மாத்தி அனுப்பினா சத்தம் நிக்கும், ஆனா கொஞ்ச நாள்ல மறுபடியும் இதே பேஜார். வண்டி எங்கனா சும்மா நின்னுட்டிருந்துச்சா?"

"ரெண்டு வருஷம்."

"அதான். நிக்க வெச்சா பிடிச்சுக்கும். ஓட்டிட்டே இருந்தா ஒண்ணும் ஆவாது."

அக்கா அந்தப் பின்னை வாங்கி விரலால் வருடினார். "ஓட்டறேன் பாய்" என்றார்.

டிஸ்க்கில் நகத்தை ஓட்டிப் பார்த்து, அது நன்றாகவே இருக்கிறது, மாற்றத் தேவையில்லை என்றார் பாய். பேடு தேய்ந்தால் கத்துவதற்கென்றே ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்களாம். இத்தனை நாள் கத்தியது அது. பின்னின் துருவைத் தேய்த்தெடுத்து, கிரீஸ் போட்டு, இரண்டு முன் சக்கரத்துக்கும் நான்கு புதுப் பேடு மாட்டி, "இன்னிக்குப் பூரா மெதுவா மிதிச்சு மிதிச்சுப் பழக்குங்க. மலையில எறங்கறப்ப செகண்ட் கியர். பிரேக் மேலயே காலை வெச்சுக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி. முன்சீட்டில் அண்ணன், பின்சீட்டில் நான். அண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு வந்திருந்தார். மேலே ஏரிக்கரையில் பலாச்சுளை வாங்கிக் கொடுத்தோம், தின்னவில்லை. இறங்க ஆரம்பித்ததும் அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரைவிரிப்பை மிதித்தது. முதல் வளைவில் "பாத்துமா". இரண்டாவதில் "பாத்து, பாத்து". மூன்றாவதில் முருகனைக் கூப்பிட்டார். செகண்ட் கியரில் வண்டி தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டு இறங்கியது. வளைவு வரும்போது மட்டும் மிதிப்பார். கிண்ணத்தில் எண்ணெய் வைத்திருந்தால் தளும்பாது, அப்படி ஒரு மிதி. எதிரே ஒரு பஸ் அகலமாகத் திரும்பி வந்தபோது வண்டி வலமோ இடமோ முகம் திருப்பாமல், சத்தமில்லாமல், நேராக நின்றது. அக்கா பஸ்ஸுக்கு வழிவிட்டு, கையைக் காட்டி, மறுபடி கிளம்பினார்.

நானோ ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வந்தேன். கைப்பிடியை இழுத்து ஒரு காரை நிறுத்த முடியுமென்றால் நான் முதல் வளைவிலேயே நிறுத்தியிருப்பேன். ஏழாவது வளைவோ எட்டாவதோ, முன்சீட்டிலிருந்து முருகனும் இல்லை, "பாத்துமா"வும் இல்லை. எட்டிப் பார்த்தேன். அண்ணன் வாயைத் திறந்துகொண்டு, தலையைச் சாய்த்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கால் தரைவிரிப்பின்மேல் துவண்டு கிடந்தது. ஒரு வாரமாகத் தூங்காத மனிதர்.

கண்ணாடி வழியாக அக்கா என்னைப் பார்த்தார். "சார், பயப்பட வேண்டியவரே தூங்கிட்டாரு. நீங்க அந்தக் கைப்பிடியைப் பேத்துடாதீங்க."

அடிவாரத்தில் டீக்கடை முன் நிறுத்தியதும் அண்ணன் திடுக்கிட்டு விழித்தார். "இன்னும் எத்தனை வளைவுமா கீது?"

"முடிஞ்சுட்சுண்ணா. டீ சொல்லட்டுமா?"

அவர் இறங்கி மலையை அண்ணாந்து பார்த்தார். தங்கையைப் பார்த்தார். டீயை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய், செல்போனில் யாரையோ கூப்பிட்டு, ஊருக்கே கேட்கும் குரலில் பேசினார்: "சாயந்தரம் வராதப்பா. வண்டி குடுக்கறதா இல்ல. தங்கச்சிக்கு வேணுமாம்... பிரேக்கா? பிரேக்கு இன்னா பிரேக்கு, மலையிலிருந்து எறங்கினதே தெரியல."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு டீயை ஊதினார். அவ்வளவு ஊதவேண்டிய சூடு அதில் இல்லை.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. டேனரி டேனரியாகத் தானே ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிற செலக்‌ஷன் ஆள் வேண்டும் என்று ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனி அக்காவை அழைத்துக்கொண்டது. இப்போது அங்கே தோல் பிரிவுக்கே அவர்தான் தலைமை. எங்கள் கேன்டீனில் யார் காரிலாவது சத்தம் வந்தால், இப்போது ஒருவரும் நட்சத்திரம் எண்ணுவதில்லை. எல்லோரும் கடையின் பின்பக்கம்தான் போகிறார்கள். போன மாதம் நானும் போனேன். ஒன்றைக் கையில் எடுத்து, வருடி, "இது தேயவே இல்லையே" என்று கம்பீரமாகக் கேட்டேன். அது கதவுத் தாழ்ப்பாள் என்றார்கள்.

போன வாரம் பள்ளிகொண்டா டோல்கேட்டில் பக்கத்து வரிசையில் அதே வெள்ளைக் கார். அண்ணனுக்கு வேலூரில் கண் பரிசோதனையாம். அந்த ஊர்க் கோயிலில் பெருமாளே படுத்துத்தான் இருக்கிறார். முன்சீட்டில் அண்ணனும் அப்படித்தான் சாய்ந்திருந்தார். நான் கண்ணாடியை இறக்கி, உரக்க நலம் விசாரிக்கப் போனேன். அக்கா உதட்டில் விரல் வைத்தார்.

"எழுப்பிடாதீங்க சார். நான் ஓட்டினாத்தான் தூங்குவாரு."

தடுப்புக் கட்டை உயர்ந்தது. என் வரிசை நகர்வதற்குள் அவர் போய்விட்டார்.